விமர்சகர் கையில விழாவைக் குடுத்தா என்ன ஆகும்? வெனிஸும் ஆல்பெர்தோ பார்பெராவும்

கடைசிவரிசை எழுதியது:

ரொம்ப நாளா இதைப் பத்தி ஒரு இழை ஆரம்பிக்கணும்னு இருந்தேன். வருஷா வருஷம் ஜூலை கடைசில வெனிஸ் திரைப்பட விழாவோட பட்டியல் வெளிவரும், நாமளும் யார் படம் வந்துருக்கு யார் படம் வரலன்னு ரெண்டு நாள் பேசுவோம், செப்டம்பர்ல முதல் பரிசான தங்கச் சிங்கம் யாருக்குன்னு இன்னொரு நாள் பேசுவோம், அதோட முடிஞ்சுது. அந்தப் பட்டியலைப் போட்ட மனுஷனைப் பத்தி ஒரு வார்த்தை கூட பேசறதில்ல.

ஆல்பெர்தோ பார்பெரா. 1950ல பியெல்லாங்கிற ஊர்ல பிறந்தவர், தூரின்ல இலக்கியம் படிச்சவர், அங்கயே ஃபிலிம் சொசைட்டில வேலை பார்த்து 80கள் ஆரம்பத்துல ஒரு நாளிதழுக்கு சினிமா விமர்சனம் எழுதினவர். 1989லேர்ந்து 98 வரைக்கும் தூரின் திரைப்பட விழா அவர் பொறுப்பு. 1999ல வெனிஸ் விழா இயக்குனரா வந்தார். மூணு விழாதான் நடத்தினார், 2002 ஆரம்பத்துல பதவி போச்சு. பத்து வருஷம் கழிச்சு 2012ல திரும்ப அவரையே கூப்பிட்டாங்க, அப்பலேர்ந்து அவர்தான்.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். விழாவை விமர்சகர் நடத்தறதுதான் சரி. ஏன்னா 20 படத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சு இந்த வருஷ சினிமா இதுதான்னு சொல்றது ஒரு விமர்சன வேலை, அதை வியாபாரம் தெரிஞ்சவரோ அதிகாரியோ பண்ணா அது வேற ஏதோ ஆயிடும். 2016 வெனிஸை எடுத்துக்கோங்க. திறப்பு விழாப் படம் லா லா லேண்ட். அதே போட்டிப் பிரிவுல 226 நிமிஷம் ஓடற கருப்பு வெள்ளை பிலிப்பைன்ஸ் படம், லாவ் டியாஸோட தி வுமன் ஹூ லெஃப்ட். தங்கச் சிங்கம் அந்த லாவ் டியாஸ் படத்துக்குப் போச்சு. பரிசு குடுக்கறது ஜூரி, அது தெரியும். ஆனா ஒரே போட்டிக்குள்ள ரெண்டையும் சம மரியாதையோட உட்கார வச்சது யாரு?

---

அரைரீல் எழுதியது:

தல, 2016ஐ நல்லா தேர்ந்தெடுத்து வச்சுருக்கீங்க. மத்த வருஷங்களையும் பார்ப்போமே.

2013 திறப்புப் படம் கிராவிட்டி, 7 ஆஸ்கர். 2014 திறப்பு பேர்ட்மேன், சிறந்த படம். 2015ல ஸ்பாட்லைட், போட்டிக்கு வெளில போட்டாங்க, அதுவும் சிறந்த படம். 2017 தி ஷேப் ஆஃப் வாட்டர், 2020 நோமேட்லேண்ட், ரெண்டும் தங்கச் சிங்கமும் வாங்கி சிறந்த படம் ஆஸ்கரும் வாங்குச்சு. இதெல்லாம் தற்செயலா? ஹாலிவுட் ஸ்டுடியோக்களுக்கு ஆஸ்கர் பிரச்சாரத்தை ஆரம்பிக்க செப்டம்பர்ல ஒரு மேடை வேணும், விழா நடக்கற லீடோ தீவுல படகுல வந்து இறங்கற நட்சத்திரங்களோட போட்டோ வேணும், வெனிஸ் அதைக் குடுக்குது. இதுல விமர்சகர் கண்ணு எங்க இருக்கு? ஒரு நல்ல மார்க்கெட்டிங் மேனேஜரே இதைப் பண்ணலாம்.

2019ல ஜோக்கர் போட்டிப் பிரிவுல. காமிக்ஸ் கதாபாத்திரத்தை வச்சு எடுத்த ஸ்டுடியோ படம் தங்கச் சிங்கத்துக்குப் போட்டி போட்டு ஜெயிச்சுது. எனக்கு அந்தப் படம் பிடிக்கும், அது வேற விஷயம். ஆனா அந்த இடம் அதுக்கானது இல்லன்னு இன்னமும் நினைக்கிறேன்.

---

கடைசிவரிசை எழுதியது:

> ஒரு நல்ல மார்க்கெட்டிங் மேனேஜரே இதைப் பண்ணலாம்

பண்ண முடியாது பாஸ், ஏன்னு சொல்றேன். 2012ல அவர் திரும்ப வந்தப்ப நிலைமை என்ன? செப்டம்பர் முதல் வாரத்துல ஒரு பக்கம் அமெரிக்காவுல டெல்யூரைடு விழா, இன்னொரு பக்கம் கனடாவுல டொரான்டோ விழா, அமெரிக்கக் கம்பெனிகள் லீடோவுக்கு ஆளை அனுப்பறது செலவுன்னு டொரான்டோ பக்கம் சாஞ்சுட்டாங்க. புது அரங்கத்துக்குத் தோண்டின குழில ஆஸ்பெஸ்டாஸ் கிடைச்சு வேலை நின்னு போய் கசினோ முன்னாடி வருஷக்கணக்கா பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தை மூடி 2016ல சாலா ஜார்தீனோன்னு சிவப்பு அரங்கம் வந்ததுக்கு அப்புறம்தான் அந்த இடமே விழா நடக்கற இடம் மாதிரி ஆச்சு.

அந்த நிலைமைல கிராவிட்டியைத் திறப்புக்கு எடுத்தார். ஆஸ்கர் எல்லாம் வந்தது அடுத்த வருஷம். ஆகஸ்ட்ல அது விண்வெளில ரெண்டு பேர் மிதக்கற 90 நிமிஷப் படம், அவ்வளவுதான். பார்த்துட்டு இது முக்கியமான படம்னு சொல்றதுக்கு ஒரு கண்ணு வேணும். பேர் பெற்ற படங்களை யாரும் எடுக்கலாம், பேர் வர்றதுக்கு முன்னாடி எடுக்கறதுதான் கஷ்டம்.

இன்னொண்ணு, அதே 2012ல விழாவை நடத்தற பியென்னாலே நிறுவனம் பியென்னாலே காலேஜ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. முதல் படமோ ரெண்டாவது படமோ எடுக்கப் போற இயக்குனர்களைத் தேர்ந்தெடுத்து, படத்துக்கு (அப்ப) 1,50,000 யூரோ குடுத்து, அடுத்த வருஷ விழாவுல அந்தப் படத்தைப் போடறது. ரெட் கார்பெட் போட்டோ மட்டும் வேணும்னு நினைக்கிற விழா இதுக்கு மெனக்கெடாது.

---

மௌனப்படம் எழுதியது:

ரெண்டு பேரும் முக்கியமான ஒண்ணை விட்டுட்டீங்க.

2017 போட்டிப் பிரிவுல 21 படம், அதுல பெண் இயக்குனர் ஒருத்தர், விவியன் சூ. 2018ல 21க்கு ஒருத்தர், ஜெனிஃபர் கென்ட். 2019ல 21க்கு ரெண்டு பேர். மூணு வருஷம் தொடர்ந்து. கேட்டப்ப எல்லாம் பார்பெரா சொன்ன பதில் ஒண்ணுதான், நான் தரத்தை மட்டும்தான் பார்ப்பேன், ஒதுக்கீடு வச்சா பதவியையே விட்டுடுவேங்கற மாதிரி. விமர்சகர்னா இதுதான் பிரச்சினை. தன்னோட ரசனையைத் தராசுன்னு நினைச்சுக்கறாங்க. அந்த ரசனை எந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து உருவாச்சு, யார் எழுதின வரலாற்றைப் படிச்சு உருவாச்சுன்னு திரும்பிப் பார்க்கறதே இல்ல. அரை நூற்றாண்டா ஆம்பளைங்க படத்தை ஆம்பளைங்க கொண்டாடி வளர்ந்த ஒரு ரசனைக்கு பெண் எடுத்த படம் கொஞ்சம் வேற தாளத்துல இருந்தா அது தரக்குறைவா தெரியுமா தெரியாதா?

சிறுமிகிட்ட பண்ணின பாலியல் குற்றத்தை ஒத்துக்கிட்டு அமெரிக்காவை விட்டு ஓடின இயக்குனர் போலன்ஸ்கி, 2019ல அவர் படத்தையும் போட்டில வச்சார். ஜூரி தலைவரா இருந்த லுக்ரேசியா மார்தெல் அந்தப் படத்தோட காலாங்கற சிறப்புக் காட்சிக்குப் போக மாட்டேன்னு பத்திரிகையாளர் சந்திப்புலயே சொன்னாங்க. கடைசில அது கிராண்ட் ஜூரி பரிசு வாங்குச்சு. படத்தையும் ஆளையும் பிரிச்சுப் பார்க்கணும்னு அவர் சொல்றது விமர்சனம் எழுதறப்ப சரியா இருக்கலாம். விழாவுக்குக் கூப்பிடறது விமர்சனம் எழுதறது இல்ல, அது ஒரு மரியாதை. ஒருத்தருக்கு மேடை போட்டுக் குடுக்கறோம்.

---

சப்டைட்டில் எழுதியது:

மௌனப்படம் அக்கா சொன்னதுக்கு அப்படியே ஒரு வோட்டு.

---

இரவுக்காட்சி எழுதியது:

நான் கொஞ்ச காலம் ஒரு சின்ன விழாவுக்கு முன்பார்வைக் குழுவுல இருந்தேன், பேர் வேண்டாம். அந்த அனுபவத்துல ஒண்ணு சொல்லணும், ஏன்னா தரத்தை மட்டும் பார்க்கறேங்கற வாதம் எங்க இடிக்குதுன்னு உள்ள இருந்து பார்த்தாதான் புரியும்.

வெளில இருக்கறவங்க நினைக்கிறது, படங்கள் எல்லாம் ஆன்லைன்ல விண்ணப்பமா வந்து குவியும், குழு உட்கார்ந்து ஒண்ணொண்ணா பார்க்கும், நல்லதை எடுக்கும். அதுவும் நடக்குது. ஆனா பெரிய விழாக்கள்ல போட்டிப் பிரிவுக்கு வர்ற படங்கள்ல நிறைய அந்த வழில வர்றதில்ல. எந்த இயக்குனர் எந்தப் படத்தோட எடிட்டிங்ல இருக்கார்னு விழா இயக்குனருக்கு முன்னாடியே தெரியும். படத்தோட உரிமையை விக்கிற சேல்ஸ் ஏஜென்ட் கிட்ட பேசிட்டு இருப்பார். முடியாத கட்லயே பார்ப்பார், கலர் பண்ணாம, சில சமயம் இசை இல்லாம. அப்புறம் பிரீமியர் பஞ்சாயத்து. வெனிஸ் போட்டிக்கு உலக அளவுல முதல் திரையிடலா இருக்கணும், அதனால கேன்ஸுக்குப் போகாம காத்திருக்கச் சொல்லணும், டொரான்டோ கிட்ட தேதி பேசணும், சுவிட்சர்லாந்துல நடக்கற லொகார்னோ விழாவும் அதே படத்தைக் கேட்டுட்டு இருக்கும். இதெல்லாம் வருஷம் முழுக்க நடக்கற துரத்தல்.

அப்ப யாரைத் துரத்தறோம்ங்கறதே ஒரு தேர்வு. என்கிட்ட வந்த படங்கள்ல நல்லது இவ்வளவுதான்னு சொன்னா நான் கேட்கறது, வராத படத்தைத் தேடி எத்தனை தடவை போன் போட்டீங்க? பெரிய பேரோட அரைகுறை கட்டுக்கு நாள் கணக்கா காத்திருக்கற ஆளு, முதல் படம் எடுத்த ஒரு பெண் அனுப்பின ஸ்க்ரீனருக்கு (முன்பார்வைப் பிரதி) ரெண்டாவது தடவை உட்கார்றாரா? தரம்ங்கற வார்த்தை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பாதி பட்டியல் முடிவாயிடுது.

---

கடைசிவரிசை எழுதியது:

இரவுக்காட்சி, இந்த இழைலயே முக்கியமான பதிவு இதுதான். நன்றி.

மௌனப்படம் சொன்ன 2017, 18, 19 கணக்கு மறுக்க முடியாதது, அதுக்கு அவர் சொன்ன பதிலும் எனக்கு ஏத்துக்க முடியல. ஆனா அதுக்கு அடுத்தது என்ன நடந்துச்சுன்னும் பார்க்கணும். 2018 விழாலயே பாலின சமத்துவ உறுதிமொழில வெனிஸ் கையெழுத்துப் போட்டுச்சு. 2020ல போட்டிப் பிரிவுல 18 படம், அதுல 8 பெண் இயக்குனர்கள். ஒதுக்கீடு எதுவும் வைக்கல. அந்த வருஷம் க்ளோயி ஷாவ், 2021 ஆட்ரி திவான், 2022 லாரா பாய்ட்ரஸ், மூணு தங்கச் சிங்கம் தொடர்ந்து பெண்களுக்கு. அதுல பாய்ட்ரஸ் படம் ஆவணப்படம் வேற. வெளில இருந்து வந்த விமர்சனம் அவரைத் தேட வச்சுதுன்னுதான் நான் இதைப் படிக்கிறேன். விமர்சகரை விமர்சிக்கலாம், அவர் எதை வச்சு முடிவெடுத்தார்னு கேட்கலாம், ஏன்னா தன்னோட ரசனைதான் இதுன்னு அவர் ஒளிக்காம சொல்றார். ஒரு கமிட்டியோ ஸ்பான்சரோ முடிவெடுத்தா யார்கிட்ட போய்க் கேட்பீங்க?

போலன்ஸ்கி விஷயத்துல அக்கா பக்கம்தான் நான்.

---

மௌனப்படம் எழுதியது:

மூணு பெண்கள் ஜெயிச்சது சந்தோஷம். ஆனா 2020 கொரோனா வருஷம், ஸ்டுடியோக்கள் படத்தையெல்லாம் தள்ளி வச்சுட்டாங்க, பெரிய பேர்கள் விலகினதும் இடம் காலியாச்சு, காலியான இடத்துல பெண்கள் வந்தாங்க. அந்தப் படங்கள் எல்லாம் தரமாதான் இருந்துச்சு. அப்ப அதுக்கு முந்தின வருஷங்கள்லயும் இருந்துருக்கும்தானே? எனக்கு இது அவருக்கு ஆதரவான சாட்சியா தெரியல.

---

அரைரீல் எழுதியது:

செம பாயின்ட் அக்கா.

ஆனா 2020 பத்தி பேசினதால ஒண்ணு அவருக்கு நியாயமா சொல்லணும். அந்த வருஷம் கேன்ஸ் வழக்கமான விழாவா நடக்கவே இல்ல, மே மாசம் போச்சு. வெனிஸ் செப்டம்பர் 2லேர்ந்து 12 வரைக்கும் நேர்லயே நடந்துச்சு, ஒரு சீட் விட்டு ஒரு சீட், மாஸ்க், ரெட் கார்பெட்டை மறைச்சு சுவர். திறப்பு விழாவுக்கு கேன்ஸோட தியெரி ஃப்ரெமோ உட்பட மத்த ஐரோப்பிய விழா இயக்குனர்களும் மேடைக்கு வந்து நின்னாங்க. தியேட்டர் செத்துப்போச்சுன்னு எல்லாரும் எழுதிட்டு இருந்த நேரம், அப்ப அதைச் செய்ய தைரியம் வேணும்.

அதே சமயம் இதே ஆள்தான் நெட்ஃப்ளிக்ஸுக்குக் கதவைத் திறந்து விட்டவர்ங்கறதையும் மறக்க முடியல. 2015லயே பீஸ்ட்ஸ் ஆஃப் நோ நேஷன் போட்டில. 2018ல கேன்ஸ், பிரெஞ்சு தியேட்டர்ல ரிலீஸ் ஆகாத படத்துக்குப் போட்டில இடமில்லன்னு சொன்னதும் (அங்க அப்ப சட்டப்படி தியேட்டருக்கு அப்புறம் ஸ்ட்ரீமிங்குக்கு 36 மாசம் காத்திருக்கணும்) நெட்ஃப்ளிக்ஸ் கோச்சுக்கிட்டு கேன்ஸை விட்டே போச்சு, அவங்க படமான ரோமா நேரா லீடோவுக்கு வந்து தங்கச் சிங்கம் வாங்குச்சு. இத்தாலி தியேட்டர்காரங்க எல்லாம் எதிர்த்தாங்க. விமர்சகரா இருந்தவர் பெரிய திரைக்காக நிக்க வேண்டாமா?

---

இரவுக்காட்சி எழுதியது:

ரோமாவை பெரிய திரைல ஜனங்க பார்த்ததே வெனிஸ் போட்டதாலதான ப்ரோ. நல்ல படம் ஒண்ணு கையில இருக்கறப்ப அதுக்கு யார் காசு போட்டாங்கங்கறதை வச்சுத் தள்ளறதை என்னால நியாயப்படுத்த முடியல. அந்தச் சண்டை விநியோகஸ்தருக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல நடக்க வேண்டியது. தேர்வு பண்றவர் படத்தைப் பார்த்துட்டு முடிவெடுத்தார், அது விமர்சகர் செய்ய வேண்டிய வேலைதான்.

---

சப்டைட்டில் எழுதியது:

நம்ம படங்கள் பத்தி யாரும் பேசலயேன்னுதான் இந்தப் பதிவு.

2015ல விசாரணை போனது பார்பெரா காலத்து வெனிஸுக்குத்தான், ஒரிசோந்திங்கற பக்கப் பிரிவு. ஆம்னஸ்டி இன்டர்நேஷனலோட இத்தாலி கிளை குடுக்கற பரிசும் கிடைச்சுது. இங்க தியேட்டருக்கு அது வந்தது 2016 பிப்ரவரில. 2014ல அதே ஒரிசோந்தில சைதன்ய தம்ஹானேவோட கோர்ட் சிறந்த படம், கூடவே முதல் பட இயக்குனருக்கான பரிசும். அதே தம்ஹானே 2020ல தி டிசைப்பிளோட போட்டிப் பிரிவுக்கே வந்து திரைக்கதைக்கு பரிசு வாங்கினார். முதல் படத்துல கண்டுபிடிச்சு, அடுத்த படத்துல பெரிய பிரிவுக்கு ஏத்தி விட்டுருக்காங்க. 2025ல அனுபர்ணா ராய் ஒரிசோந்தில சிறந்த இயக்குனர்.

இன்னும் பின்னாடி போனா 2001, அவரோட முதல் சுற்றுல கடைசி விழா. மீரா நாயரோட மான்சூன் வெட்டிங் தங்கச் சிங்கம். 1957ல சத்யஜித் ராயோட அபராஜிதோவுக்கு அப்புறம் இந்திய இயக்குனருக்கு அப்பதான். 2000ல தங்கச் சிங்கம் வாங்கினது ஜாஃபர் பனாஹியோட தி சர்க்கிள், ஈரான்லயே தடை பண்ணின படம். இந்த வரிசையைப் பார்த்தா ஆஸ்கர் மேடைன்னு மட்டும் சொல்லித் தள்ள மனசு வரல.

அதே சமயம் வினோத்ராஜோட கூழாங்கல் 2021ல டைகர் விருது வாங்கினது ராட்டர்டாம்ல, கொட்டுக்காளி 2024ல போனது பெர்லினோட ஃபோரம் பிரிவுக்கு. அந்த ஃபோரத்தோட கதையும் விமர்சகர் கதைதான். 1970ல பெர்லின் விழா ஒரு வியட்நாம் போர் படத்தை வச்சு ஜூரிக்குள்ள சண்டையாகி பாதில நின்னுச்சு, அடுத்த வருஷம் உல்ரிச் கிரேகோரும் எரிகா கிரேகோரும் அவங்க நண்பர்களும் சேர்ந்து ஃபோரத்தை ஆரம்பிச்சாங்க. உல்ரிச் சினிமா வரலாறு எழுதினவர். அப்படி ஆரம்பிச்ச இடத்துல கொட்டுக்காளியைப் போட்டதுல எனக்கு தனி சந்தோஷம். பின்னணி இசையே இல்லாம ஓடற படத்தை யார் நம்பி எடுப்பா?

---

கடைசிவரிசை எழுதியது:

சப்டைட்டில், பெர்லின் பேச்சு எடுத்தீங்க, அதனால நான் சொல்ல நினைச்ச இன்னொண்ணை இங்கயே சொல்லிடறேன். விமர்சகர் விழா நடத்தறதுல நிஜமான ஆபத்து ரசனை இல்ல, நாற்காலி.

கார்லோ சத்ரியான். தூரின்ல பிறந்தவர், இவரும் விமர்சகர். 2013லேர்ந்து 2018 வரைக்கும் லொகார்னோ. அப்புறம் பெர்லின் கூப்பிட்டுச்சு. அங்க அவர் கலை இயக்குனர், நிர்வாகத்துக்கு மாரியெட் ரிசன்பீக்னு தனியா ஒருத்தர். 2020ல என்கவுன்டர்ஸ்னு புதுப் போட்டிப் பிரிவு ஆரம்பிச்சார், அதுல முதல் வருஷம் ஜெயிச்ச படம் எட்டு மணி நேரம். எட்டு மணி நேரப் படத்துக்கு பெர்லின்ல முதல் பரிசு! 2023ல அப்ப இருந்த கலாச்சார அமைச்சர் இனிமே ரெண்டு தலைமை வேண்டாம், ஒருத்தர் போதும்னு முடிவெடுத்தாங்க, அந்த ஏற்பாட்டுல தனக்கு இடமில்லன்னு சத்ரியான் 2024 விழாவோட விலகறதா அறிவிச்சார். ஸ்கார்செஸி, ஹமாகுச்சி, ராடு ஜூடேன்னு நூத்துக்கணக்கான இயக்குனர்கள், நடிகர்கள் அவருக்காக பகிரங்கக் கடிதத்துல கையெழுத்துப் போட்டாங்க. ஒண்ணும் நடக்கல. அவர் போனதும் அடுத்த வருஷம் என்கவுன்டர்ஸ் பிரிவையே எடுத்துட்டாங்க.

இதே 2002ல வெனிஸ்ல நடந்துச்சு. 2001ல பெர்லுஸ்கோனி ஆட்சி வந்துச்சு, பியென்னாலே தலைவர் மாறினார், பார்பெரா போனார், அடுத்த விழாவை மோரிட்ஸ் டி ஹாடெல்ன் நடத்தினார். பார்பெரா பண்ணின விழா மோசம்னு யாரும் நிரூபிக்கல, அதுக்குத் தேவையும் இருக்கல.

அப்புறம் ஏன் 2012லேர்ந்து நிக்கிறார்? நான் இதைத் தேடினப்ப கிடைச்ச பதில் ஒரு பேர்தான், பாவ்லோ பரட்டா. 1998லேர்ந்து 2001 வரைக்கும் பியென்னாலே தலைவர், திரும்பவும் 2008லேர்ந்து 2020 வரைக்கும் தலைவர். பார்பெராவோட ரெண்டு நியமனமும் அவர் காலத்துலதான். வெனிஸ் விழா பியென்னாலேங்கற பெரிய நிறுவனத்தோட ஒரு கிளை, கட்டடம், காசு, அரசாங்கத்தோட பேச்சுவார்த்தை எல்லாம் தலைவர் தலைல, சினிமா இயக்குனர் படம் பார்த்தா போதும். அந்தப் பிரிவினை இருந்ததாலதான் அவரால இத்தனை வருஷம் படம் பார்த்துட்டே இருக்க முடிஞ்சுது. பெர்லின்ல சத்ரியானுக்கும் அதே ஏற்பாடுதான் இருந்துச்சு, அதைத்தான் கலைச்சாங்க.

---

அரைரீல் எழுதியது:

இது எனக்குப் புது விஷயம் தல. அப்ப உங்க வாதமே மாறுது. விமர்சகர் நடத்தணும்னு ஆரம்பிச்சீங்க, இப்ப விமர்சகரைக் காப்பாத்த ஒரு நிர்வாகி வேணும்னு வந்துருக்கீங்க. இதுக்கு நான் முழுசா ஒத்துக்கறேன். ஜோக்கர் விஷயத்துல மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

---

மௌனப்படம் எழுதியது:

அப்ப அடுத்த கேள்வி. 2024ல பார்பெராவோட ஒப்பந்தத்தை 2026 வரைக்கும் நீட்டினாங்க. நீட்டினது மெலோனி ஆட்சிக் காலத்துல வந்த பியென்னாலே தலைவர் புட்டாஃபுவோகோ, அதாவது 2002ல நடந்தது இந்தத் தடவை நடக்கல, அது நல்ல விஷயம். அதுக்கு அப்புறம் யாரு? 1932ல ஆரம்பிச்ச விழா, அதை முழுப் பொறுப்பா நடத்தின ஒரு பெண் பேரை யாராவது சொல்லுங்க பார்ப்போம். விமர்சகர்தான் வரணும்னா எனக்கு ஓகே. பெண் விமர்சகர் வரட்டும். நல்லா எழுதறவங்களும், பல வருஷமா விழாக்களுக்கு படம் தேர்ந்தெடுக்கறவங்களும் இத்தாலிலயும் இருக்காங்க, வெளிலயும் இருக்காங்க.

---

இரவுக்காட்சி எழுதியது:

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். வர்றவங்க யாரா இருந்தாலும் ஒரிசோந்தியைத் தொடக்கூடாது. புது ஆள் வந்ததும் முதல்ல கை வைக்கிறது பக்கப் பிரிவுகள்லதான், பெர்லின்ல பார்த்தோம். நட்சத்திரம் இல்லாத முதல் படங்களுக்கு அதை விட்டா போக்கிடம் இல்ல.

---

சப்டைட்டில் எழுதியது:

2012லேர்ந்து ஒரிசோந்தில பரிசு வாங்கின படங்களை வருஷ வாரியா தொகுத்துட்டு இருக்கேன், எது எது பார்க்கக் கிடைக்குதுன்னும் குறிச்சு தனி இழையாப் போடறேன். கோர்ட் பார்க்காதவங்க அதுல இருந்து ஆரம்பிங்க, அடுத்து விசாரணையைத் திரும்ப ஒரு தடவை. ரெண்டுமே நீதிமன்றத்தையும் போலீஸையும் பத்தின படம், அடுத்தடுத்த வருஷம் ஒரே பிரிவுல. அந்த ரெண்டையும் ஒரே குழுதான் எடுத்துச்சுங்கறதை மனசுல வச்சுட்டுப் பாருங்க.